ஒசாகாவில் கொரியக் கிண்ணம்: முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

ஒசாகா நகரத்துக்கு நடுவே, இரண்டு ஆறுகளுக்கு இடையில் நீளவாக்கில் கிடக்கும் தீவுக்கு நகானோஷிமா என்று பெயர். அங்கே 1918இல் கட்டிய செங்கல் பொதுமண்டபம் ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் படம் எடுப்பார்கள். அதை ஒட்டி, அவ்வளவாக யார் கண்ணிலும் படாமல் நிற்கும் கட்டடம்தான் ஒசாகா நகரக் கீழைநாட்டுப் பீங்கான் அருங்காட்சியகம்.

முதல் தடவை போனபோது இருபத்தைந்து நிமிடத்தில் சுற்றி முடித்துவிட்டேன். பச்சை ஜாடி, வெள்ளை ஜாடி, பழுப்புக் கிண்ணம், சரி, பார்த்தாயிற்று. வெளியே வந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறுத்தியது. ஜப்பானிய நகரம் ஒன்றின் அருங்காட்சியகம். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி கொரியாவில் செய்தது. இதெல்லாம் எப்படி இங்கே வந்தது? அடுத்த தடவை அந்தக் கேள்வியோடு போனேன். மூன்று மணி நேரம் போதவில்லை. நீங்கள் முதல் தடவையே என் இரண்டாம் தடவையைப்போலப் பார்த்துவிட்டு வருவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போவதற்கு முன்: மூன்று நிறங்கள்

கொரியப் பாண்டங்களின் நீண்ட வரலாற்றை மூன்று நிறங்களாக மனத்தில் போட்டுக்கொண்டால் முதல் நாளைக்குப் போதும்.

முதலாவது பச்சை. இது 918 முதல் 1392 வரை ஆண்ட கொர்யோ அரசின் காலம். செலடான் என்று உலகம் அழைக்கும் இந்தச் சாம்பல்பச்சைப் பாண்டங்கள் 12ஆம் நூற்றாண்டில் உச்சத்தைத் தொட்டன. தென்மேற்குப் பகுதியில் காங்ஜின், புவான் ஆகிய ஊர்களின் சூளைகள் பெயர்பெற்றவை. இந்தப் பச்சை சாயம் பூசி வந்ததல்ல. மேலே பூசும் மெருகில் சிறிதளவு இரும்பு இருக்கும். சூளைக்குள் காற்றைக் குறைத்துப் புகையவிட்டுச் சுட்டால் அந்த இரும்பு பச்சை காட்டும். காற்று கூடுதலாகப் புகுந்துவிட்டால் அதே மெருகு மஞ்சளாகவோ பழுப்பாகவோ போய்விடும். ஆகவே நல்ல பச்சையைப் பார்த்தால் அது நெருப்பை ஆள்வதில் ஒருவர் காட்டிய திறமை என்று எடுத்துக்கொள்ளுங்கள். செலடானுக்குத் தாய்வீடு சீனா. ஆனால் 1123இல் கொர்யோவுக்குத் தூதுக்குழுவோடு வந்த சீனரான சூ ஜிங், இந்நாட்டார் தங்கள் பாண்டத்தின் நிறத்துக்குப் ‘பிசெக்’ என்று தனிப்பெயரே வைத்திருப்பதைக் குறித்துக்கொண்டு போனார்.

கொரியக் குயவர்கள் தம் கைவரிசையைக் காட்டியது சங்காம் என்ற பதிப்பு வேலையில். ஈரம் முழுதாக உலராத களிமண்ணில் உருவத்தைக் கீறி, அந்தப் பள்ளத்தில் வெள்ளை மண்ணையும் இரும்புச்சத்து மிகுந்த மண்ணையும் நிரப்பி, மிச்சத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மெருகு பூசிச் சுடுவார்கள். சுட்டதும் ஒன்று வெள்ளையாகவே நிற்கும், மற்றது கறுத்துவிடும். மேகங்களுக்கு நடுவே கொக்குகள் பறக்கும் ஜாடி கண்ணில் பட்டால், அந்தக் கொக்கு வரைந்ததல்ல, உள்ளே பதித்தது என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, பழுப்பு மண்ணின்மேல் வெள்ளைப் பூச்சு. பெயர் புஞ்சொங். கொர்யோ விழுந்து ஜோசொன் அரசு எழுந்த நேரத்தில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. கரடுமுரடான சாம்பல் மண்ணில் பாண்டம் வனைந்து, அதன்மேல் வெள்ளை மண்கரைசலைப் பூசுவார்கள். நம் வீட்டில் மாக்கோலத்துக்கு அரைத்த மாவைச் செம்மண் தரையில் இழுத்ததுபோல இருக்கும். சிலவற்றில் பூச்சு பாதியிலேயே நின்றிருக்கும், தூரிகை போன தடம் அப்படியே தெரியும். அந்த அலட்சியம்தான் இதன் அழகு. என்னைக் கேட்டால் மூன்றிலும் பிடித்தது இதுதான். கேயர்யோங் மலைப் பக்கத்துச் சூளைகளில் செய்த மீன் படம் போட்ட குப்பிகளைப் பாருங்கள். அந்த மீன்களை வரைந்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார், ஆனாலும் கை தடுமாறவில்லை.

மூன்றாவது வெள்ளை. ஜோசொன் அரசு கன்பூசிய நெறியைப் பிடித்துக்கொண்டது. அடக்கம், எளிமை, அலங்காரமின்மை. தலைநகரை அடுத்த குவாங்ஜுவில் அரண்மனைக்கென்றே சூளைகள் இருந்தன. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் அங்கே செய்த பெரிய உருண்டை ஜாடிகளுக்கு இப்போது ‘நிலா ஜாடி’ என்று பெயர். அவ்வளவு பெரிய உருண்டையை ஒரே மூச்சில் சக்கரத்தில் வனைய முடியாது. இரண்டு பெரிய கிண்ணங்கள் செய்து, ஒன்றைக் கவிழ்த்து வாயோடு வாய் ஒட்டுவார்கள். சூளையில் அது கொஞ்சம் சாயும், இடுப்பில் ஒட்டுத் தெரியும். கச்சிதமான வட்டத்தைத் தேடாதீர்கள், கிடைக்காது.

போய்ச் சேருவது

கெய்ஹான் ரயிலின் நகானோஷிமா தடத்தில் நானிவாபாஷி நிலையத்தில் இறங்கினால் முதல் வாயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கித்தாஹாமாவில் இறங்கி ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடந்தும் வரலாம். காலை 9.30க்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுவார்கள். திங்கட்கிழமை விடுமுறை. திங்கள் அரசு விடுமுறையாக வந்தால் அன்று திறந்து மறுநாள் மூடுவது ஜப்பானிய அருங்காட்சியகங்களில் வழக்கம், இதில் பலர் ஏமாறுகிறார்கள். புதுப்பிப்பு வேலைகளுக்காக நெடுநாள் மூடியிருந்து 2024 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தார்கள். காட்சிப் பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட ஒன்றைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அது இப்போது வெளியே இருக்கிறதா என்று இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முடிந்தால் வெயில் அடிக்கும் நாளில் காலையிலேயே போங்கள். செலடானைப் பார்க்க ஏற்ற வெளிச்சம் பற்றி ஜப்பானியப் பீங்கான் ரசிகர்களிடம் ஒரு பேச்சு உண்டு: இலையுதிர்காலத்தில் தெளிந்த நாள், காலை பத்து மணி, வடக்குப் பார்த்த அறை, நடுவில் ஒரு காகிதக் கதவு. அதை வெறும் பேச்சாக விடாமல் இந்த அருங்காட்சியகம் இயற்கை வெளிச்சத்தை உள்ளே இறக்கும் காட்சிப்பெட்டிகளைச் செய்துவைத்திருக்கிறது. மேகம் ஒன்று சூரியனை மறைத்தால் ஜாடியின் பச்சை மாறுவது தெரியும். அதற்காகவே ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

உள்ளே: குனிந்து பாருங்கள்

முதலில் எங்கும் நிற்காமல் ஒரு சுற்று நடந்துவிடுங்கள். மனத்தை இழுத்த மூன்று பொருள்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பிவந்து அந்த மூன்றோடு நேரம் செலவிடுங்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைக்கிறவர் எதையும் பார்ப்பதில்லை.

ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். நின்றபடி பார்த்தால் அதன் உள்பக்கம் மட்டும் தெரியும். குழிக்குள் வட்டமாகச் சில தழும்புகள் இருக்கிறதா பாருங்கள். சூளையில் கிண்ணத்துக்குள் கிண்ணமாக அடுக்கிச் சுட்டதன் அடையாளம் அது. அப்படியானால் இது தனியாக வைத்துச் சுட்ட விலையுயர்ந்த பொருளல்ல, டஜன் கணக்கில் செய்தது என்று தெரிந்துவிடும். இனி முழங்காலை மடக்கி, கண்ணைக் கிண்ணத்தின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பக்கவாட்டில் குயவரின் விரல் சுற்றிப்போன வரிகள் தெரியும். கடைசியாக அடியைப் பாருங்கள். கிண்ணம் தரையில் உட்காரும் அந்த அடிவளையத்தை ஜப்பானியத் தேநீர்க்காரர்கள், அதாவது தேநீர் விருந்தை ஒரு சடங்குக் கலையாகப் பயில்கிறவர்கள், தவறாமல் பார்ப்பார்கள்.

ஏன் அடி? ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். கொரியாவில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவது மரியாதையில்லை. அது மேசையிலேயே இருக்கும், கரண்டிதான் போய்வரும். ஜப்பானில் நேர்மாறு, கிண்ணத்தைக் கையில் ஏந்தித்தான் சாப்பிட வேண்டும். தேநீர் விருந்தில் குடித்து முடித்ததும் விருந்தாளி கிண்ணத்தைத் தாழப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அடி உட்பட. ஒரு கரையில் யாரும் பார்க்காமலே இருந்த பக்கம் மறுகரையில் முகமாக ஆகிவிட்டது.

இதற்கு உச்சமான எடுத்துக்காட்டு ஒசாகாவில் இல்லை, கியோத்தோவில் இருக்கிறது. தைதோகுஜி கோயிலைச் சேர்ந்த கோஹோவான் என்ற துணைக்கோயிலின் உடைமையான ‘கிஸாஎமோன் இதோ’ என்ற கிண்ணம் (‘இதோ’ என்பது கிண்ண வகையின் பெயர்). லோக்குவாட் பழத்தின் மங்கிய மஞ்சள் நிறம், ஓரத்தில் ஒட்டுப்போட்ட தடம், சாய்ந்த உடல். அடிவளையத்தைச் சுற்றி மெருகு திரண்டு, திருக்கை மீனின் தோலைப்போலச் சொரசொரப்பாக நிற்கும். மெருகு சரியாக உருகாமல் போன குறைதான் அது. அதற்குக் ‘கைராகி’ என்று பெயர் சூட்டி ரசித்தார்கள் தேநீர்க்காரர்கள். ஜோசொன் நாட்டின் பெயர் தெரியாத குயவர் ஒருவர் செய்த இந்தக் கிண்ணம் 1951 முதல் ஜப்பானின் தேசியச் செல்வம். பொதுப் பார்வைக்கு அபூர்வமாகத்தான் வரும். எங்காவது கண்காட்சியில் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் வேலையைப் போட்டுவிட்டுப் போகலாம்.

ஒசாகாவுக்குத் திரும்புவோம். உள்ளே வெள்ளை உருண்டை ஜாடி ஒன்று உண்டு. எழுத்தாளர் ஷிகா நவோயா தம்மிடம் இருந்ததை நாராவின் தோதாய்ஜி கோயில் துறவி ஒருவருக்குப் பரிசளித்தார். அது கன்னோனின் என்ற துணைக்கோயிலில் இருந்தது. 1995இல் ஒரு திருடன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினான். துரத்தியபோது தரையில் போட்டு உடைத்துவிட்டுத் தப்பித்தான். 300க்கு மேற்பட்ட துண்டுகள். தூளைக்கூட விடாமல் பொறுக்கி எடுத்தார்கள். மறு ஆண்டு அந்தத் துண்டுகள் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தன. இன்று முழு ஜாடியாக நிற்கிறது. ஒட்டு எங்கே என்று தேடிப் பாருங்கள், நான் தோற்றுப்போனேன். எப்போதும் காட்சியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தால் உங்கள் மூன்றில் ஒன்று இதுவாக இருக்கட்டும்.

பெயர்ப்பலகையைப் படிப்பது

இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள். ஜப்பானில் கொரியப் பெயர்கள் ஜப்பானிய உச்சரிப்பில் வரும். கொர்யோ ‘கோராய்’ ஆகும், ஜோசொன் ‘சோசென்’ ஆகும். இன்னும் பழைய அரசுகளான பெக்ஜேயும் சில்லாவும் ‘குதாரா’, ‘ஷிராகி’ என்று அடையாளமே தெரியாமல் வந்து நிற்கும். இந்த நான்கையும் கைபேசியில் குறித்துவையுங்கள்.

அடுத்த பொறி ‘கோராய் சவான்’. நேர்ப்பொருள் கொர்யோ கிண்ணம். ஆனால் இந்தப் பெயர் தாங்கிய தேநீர்க் கிண்ணங்களில் பெரும்பாலானவை கொர்யோ காலத்தவை அல்ல, ஜோசொன் காலத்தவை. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. நம் ஊரில் சீனச்சட்டி சீனாவிலிருந்து வந்ததா என்று யாரும் கேட்பதில்லையே, அதுபோல.

புஞ்சொங் வகையும் இங்கே வேறு பெயர்களில் உலவுகிறது. பூ முத்திரைகளை வரிசை வரிசையாகக் குத்தி வெள்ளை மண் நிரப்பியது ‘மிஷிமா’. இஸு பகுதியிலுள்ள மிஷிமா கோயிலில் அச்சிட்ட பஞ்சாங்கத்தின் பொடி எழுத்துகள்போல அந்த வரிசை தோன்றியதால் வந்த பெயர் என்பது வழக்கமான விளக்கம். தூரிகைத் தடம் தெரிந்தால் ‘ஹகேமே’. வெள்ளைக் கரைசலில் முக்கி எடுத்தது ‘கோஹிகி’. புஞ்சொங் என்ற கொரியப் பெயர் இவற்றுக்கெல்லாம் பிந்தியது. 1930களில் கோ யூ-சொப் என்ற கொரியக் கலை வரலாற்றாளர் இட்ட நீளமான பெயரின் சுருக்கம் அது. நாடு ஜப்பானிய ஆட்சியில் இருந்த நேரம். தம் நாட்டுப் பாண்டத்தை ஏன் ஒரு ஜப்பானியக் கோயில் பஞ்சாங்கத்தின் பெயரால் அழைக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்ததில் வியப்பில்லை.

‘கோஹோன்’ என்று எழுதியிருந்தால் அது ‘மாதிரி’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. ஜப்பானிலிருந்து மாதிரி வரைந்து அனுப்பி, 17ஆம் நூற்றாண்டில் புசானில் இருந்த ஜப்பானிய வணிகக் குடியிருப்பின் சூளையில் கொரியக் கைகளைக்கொண்டு செய்வித்தவை. அதாவது ஜப்பானியர் விரும்பும் ‘கொரியத்தன்மை’யை ஜப்பானியரே கேட்டு வாங்கியது. இளஞ்சிவப்புப் புள்ளிகள் படர்ந்திருக்கும், அழகாகத்தான் இருக்கும்.

இது எப்படிக் கடல் தாண்டியது?

ஒவ்வொரு பொருளின் முன்னும் இதைக் கேட்டுப் பழகுங்கள். பெயர்ப்பலகை பெரும்பாலும் பதில் சொல்லாது. ஆனால் காலத்தையும் வகையையும் வைத்து ஓரளவு ஊகிக்கலாம்.

பழையவை வணிகத்தாலும் பரிசாகவும் வந்தன. 1607 முதல் 1811 வரை ஜோசொன் அரசு 12 தடவை பெரிய தூதுக்குழுக்களை ஜப்பானுக்கு அனுப்பியது. முந்நூறு முதல் ஐந்நூறு பேர் வரை. கூடவே ஓவியர்களும் கவிஞர்களும் வைத்தியர்களும். போகும் வழியெல்லாம் ஜப்பானியர்கள் படமும் எழுத்தும் கேட்டு வரிசையில் நின்றார்கள். அந்தத் தூதுகளின் ஆவணங்கள் இரு நாட்டு அமைப்புகளும் சேர்ந்து கேட்டதன்பேரில் 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

ஆனால் அந்த முதல் தூது 1607இல் ஏன் போனது? போரில் பிடித்துச் சென்ற தங்கள் மக்களை மீட்கவும்தான். 1592 முதல் 1598 வரை ஜப்பானிய ஆட்சியாளர் தோயோதோமி ஹிதேயோஷியின் படைகள் கொரியாவைச் சூறையாடின. அந்தப் படையெடுப்புக்குப் ‘பாண்டப் போர்’ என்றே ஒரு பெயர் உண்டு. தேநீர்க் கிண்ணப் பித்துப்பிடித்த பிரபுக்கள் திரும்பும்போது குயவர்களைக் குடும்பத்தோடு கப்பலேற்றிவிட்டார்கள். ஹாகி, கராட்சு, சாட்சுமா, அரித்தா என்று ஜப்பானின் பெருமைக்குரிய பீங்கான் ஊர்களின் தொடக்கத்தில் அந்தக் குயவர்கள் இருக்கிறார்கள். அரித்தாவில் வெள்ளைக்கல் இருக்கும் மலையைக் கண்டுபிடித்து, ஜப்பானின் முதல் பீங்கானைச் செய்தவர் என்று யி சாம்-பியோங்கைச் சொல்வது மரபு. ஆண்டு 1616 என்பார்கள். சாட்சுமாவின் நாயேஷிரோகாவா கிராமத்தில் குடியேற்றிய கொரியக் குயவர்களைத் தம் உடையையும் மொழியையும் விடாமல் வைத்துக்கொள்ளும்படி அந்தப் பிரபுக்களே கட்டாயப்படுத்தினார்கள். பசிபிக் போரின் தொடக்கத்திலும் முடிவிலும் ஜப்பானின் வெளியுறவு அமைச்சராக இருந்த தோகோ ஷிகெனோரி அந்தக் கிராமத்தில் பிறந்தவர். குடும்பத்தின் பழைய பெயர் பாக். இது பீங்கானுக்கு வெளியே உள்ள செய்திதான், ஆனால் எனக்கு மறப்பதில்லை.

கொர்யோ செலடானின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலானவை அரசரோடும் பிரபுக்களோடும் மண்ணில் புதைந்தவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய தலைநகரான கேசொங்கைச் சுற்றியிருந்த கல்லறைகளைத் தோண்டி எடுத்து விற்றார்கள். 1910இல் ஜப்பான் கொரியாவை இணைத்துக்கொள்வதற்கு முன்பே, அங்கே ஜப்பானின் தலைமைப் பிரதிநிதியாக இருந்த இத்தோ ஹிரோபுமி பெருமளவில் வாங்கிக் குவித்தார். மன்னர் கோஜோங் ஒரு செலடானைப் பார்த்து, இது எந்த நாட்டுப் பொருள் என்று கேட்டதாக ஒரு கதை சொல்வார்கள். உங்கள் நாட்டு கொர்யோ காலத்தது என்றாராம் இத்தோ. எங்கள் நாட்டில் இப்படி ஒன்று இல்லையே என்றாராம் மன்னர். ஆகவே பழுது இல்லாத செலடான் ஒன்றின் முன் நிற்கும்போது, இது இருட்டில் எத்தனை நூற்றாண்டு கிடந்தது, யார் தோண்டினார்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வழி கம்பெனிக் கணக்கு. ஒசாகாவின் அதாக்கா என்ற வணிக நிறுவனம், அதன் தலைவர்களில் ஒருவரான அதாக்கா எய்இச்சியின் கண்ணை நம்பி ஏறத்தாழ ஆயிரம் பாண்டங்களை வாங்கிச் சேர்த்தது. 1970களின் நடுவில் நிறுவனம் கடனில் மூழ்கியது. சேகரிப்பு சிதறி ஏலத்துக்குப் போய்விடுமோ என்ற கவலை எழுந்தது. சுமிதோமோ குழுமத்தின் 21 நிறுவனங்கள் சேர்ந்து அதை ஒசாகா நகரத்துக்குக் கிடைக்கச் செய்தன. அதற்காகவே கட்டி 1982இல் திறந்ததுதான் இந்த அருங்காட்சியகம். அந்த 965 பொருள்களில் 793 கொரியாவினுடையவை. பிறகு 1999இல், ஜப்பானில் வாழ்ந்த கொரியரான யி பியொங்-சாங் தம் சேகரிப்பைக் கொடுத்தார். அதில் 301 கொரியப் பாண்டங்கள்.

நேரம் இருந்தால் டோக்கியோ

டோக்கியோவில் இரண்டு இடங்கள். ஒன்று கொமாபாவிலுள்ள நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகமான மிங்கெய்கான். கெய்யோ இனோகஷிரா தடத்தில் கொமாபா தோதாய்மாயே நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். 1936இல் இதைத் தொடங்கியவர் யானாகி முனெயோஷி. அவரைக் கொரியாவின் பக்கம் திருப்பியது ஒரு சின்ன ஜாடி. 1914இல், கொரியாவில் பள்ளி ஆசிரியராக இருந்த அசகாவா நோரிதகா அவரைப் பார்க்க வந்தார். யானாகியிடம் இருந்த, பிரெஞ்சுச் சிற்பி ரோதினின் சிற்பத்தைப் பார்ப்பதுதான் நோக்கம். கையில் ஜோசொன் பீங்கான்களைப் பரிசாகக் கொண்டுவந்திருந்தார். ரோதினைப் பார்க்க வந்தவர் கொடுத்த ஜாடிதான் கடைசியில் வென்றது. யானாகி 1916இல் கொரியா போனார், திரும்பத் திரும்பப் போனார். 1924இல், இன்று தென்கொரியாவின் தலைநகரான சோலில், கியொங்பொக் அரண்மனைக்குள் ஒரு கட்டடத்தில், கொரியக் கைவினைகளுக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்தார். அரண்மனையின் முன்வாயிலை ஜப்பானிய ஆட்சி இடிக்கப் போனபோது 1922இல் எதிர்த்து எழுதியவரும் அவர்தான்.

நோரிதகாவின் தம்பி தகுமி கொரியாவில் வனத்துறைப் பணியில் இருந்தார். கொரிய மொழி பேசி, கொரிய உடை உடுத்தி வாழ்ந்து, 1931இல் நாற்பது வயதில் இறந்தார். அவர் கல்லறை சோலில் இருக்கிறது. ஜப்பானியர் ஒருவரின் கல்லறையைக் கொரியர்கள் பேணி வருவது சாதாரணமல்ல.

யானாகியைப் பற்றி மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். கொரியக் கலையின் அழகு சோகத்தின் அழகு என்றார் அவர். ஆளும் நாட்டுக்காரர் அடிபட்ட நாட்டைப் பார்த்துச் சொல்லும் அனுதாபம் அது என்று கொரியர்கள் பிற்காலத்தில் கடுமையாக விமர்சித்தார்கள். மீன் துள்ளும் அந்தப் புஞ்சொங் குப்பியைப் பார்த்தவர்களுக்கு, சோகம் எங்கே என்ற கேள்வி தானாக வரும். மிங்கெய்கானில் விளக்கப் பலகைகள் மிகக் குறைவு. படிக்காமல் முதலில் பார் என்பது யானாகியின் கொள்கை. ஆகவே ஒசாகாவை முடித்துவிட்டு இங்கே வருவது நல்லது.

மற்றது உவேனோவின் தேசிய அருங்காட்சியகம். அதில் தோயோகான் என்ற தனிக் கட்டடத்தின் ஐந்தாம் தளம் கொரியாவுக்கு. ‘ஒகுரா சேகரிப்பு’ என்று பலகையில் வருகிறதா கவனியுங்கள். கொரியாவின் தேகு நகரில் மின்சார நிறுவனம் நடத்திய ஒகுரா தகேனோசுகே ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் சேர்த்தவை, 1981இல் அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள், பொன் கிரீடம் உட்பட. கொரியாவில் இவற்றைத் திருப்பிக் கேட்கும் குரல் ஓயவில்லை. ஜப்பானும் தென்கொரியாவும் செய்துகொண்ட 1965 உடன்படிக்கையின்படி ஒரு பகுதிக் கலைப்பொருள்கள் கொரியாவுக்குப் போயின. 2011இல் அரச சடங்கு ஏடுகள் உள்ளிட்ட 1,205 தொகுதிகளை ஜப்பான் திருப்பிக் கொடுத்தது. தனியார் வாங்கிச் சேர்த்தவை அந்த உடன்படிக்கைக்குள் வரவில்லை.

பௌத்த ஓவியம் பிடிக்கும் என்றால் ஒரு சொல். கொர்யோ காலப் பட்டு ஓவியங்களில் இன்று எஞ்சியிருப்பவை 160 அளவில்தான், பெரும்பகுதி ஜப்பானியக் கோயில்களில். வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் எப்போதாவதுதான் விரிப்பார்கள். 1310இல் தீட்டிய, அவலோகிதர் என்ற போதிசத்துவரின் ஓவியம் ஒன்று கராட்சுவின் காகாமி கோயிலுடையது. உயரம் நான்கு மீட்டருக்கு மேல். இந்த வகை ஓவியங்களில் உடல்மேல் படியும் மெல்லிய துகிலைப் பாருங்கள், பொன் கோடுகளால் இழைத்திருப்பார்கள். அவலோகிதர் அமர்ந்திருக்கும் மலை போதலகம். அது நம் பொதிகைதான் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. முடிந்த முடிவல்ல, ஆனாலும் ஓவியத்தின் மூலையில் கைகூப்பி நிற்கும் சிறுவனைப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது.

சின்னச் சின்ன விஷயங்கள்

குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள், பேனாவைப் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். பெரிய பையைப் பெட்டகத்தில் வைக்க 100 யென் நாணயம் தேவைப்படலாம். படம் எடுக்கலாமா என்பதை அறைக்கு அறை பலகையில் பாருங்கள், ஃபிளாஷ் எங்கும் கூடாது. கண்ணாடியில் மூக்கு இடிக்காமல் குனியப் பழக வேண்டும்.

பார்த்து முடித்த பிறகு

ஒசாகாவில் மதியம் வெளியே வந்தால் அங்கேயே சாப்பிட்டுவிடாதீர்கள். கித்தாஹாமாவுக்கு நடந்து, சாகாய்சுஜி சுரங்க ரயிலில் நிப்பொன்பாஷி வரை போய், செந்நிச்சிமாயே தடத்துக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் சுருஹாஷி. இறங்கும்போதே இறைச்சி வாட்டும் புகை மணக்கும். 1920களில் கொரியாவின் ஜேஜு தீவுக்கும் ஒசாகாவுக்கும் நேர்க் கப்பல் ஓடத் தொடங்கியதும் வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் வாழும் பகுதி. சந்தைச் சந்துகளில் கிம்ச்சி கடைகள் வரிசையாக இருக்கும், கொஞ்சம் நடந்தால் இகுனோவின் கொரியத் தெரு. பொருள்கள் மட்டுமல்ல, ஆட்களும் கடல் தாண்டினார்கள்.

ஏதாவது ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து சூப்பும் சோறும் கேளுங்கள். சோறு வந்ததும், ஜப்பானில் பழகிய கை தானாகக் கிண்ணத்தைத் தூக்கப் போகும். பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவரைப் பாருங்கள். கிண்ணம் மேசையிலேயே இருக்கிறதா, கைக்கு வந்துவிட்டதா என்று. நான் போன அன்று தாத்தாவின் கிண்ணம் மேசையில் இருந்தது, பேரனுடையது கையில் இருந்தது.